ஜலதோஷம் என்று நான் எழுதிய காய்ச்சல்

அனுப்புநர்:
மேற்பார்வையாளர்,
விடுதிச் சலவைப் பிரிவு.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: இஸ்திரி அறைப் பணியாளரின் பணிநீக்கத்தை ரத்து செய்யவும், என்மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நாங்கள் 'பெரியக்கா' என்றழைக்கும் பணியாளர், காய்ச்சலை மறைத்து வேலைக்கு வந்து நால்வருக்குப் பரப்பியதாக நிர்வாகம் அவரை நீக்கியுள்ளது. அந்த அறிக்கையில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அது முழுப் பொய்.

2. அவர் எதையும் மறைக்கவில்லை. காய்ச்சல் கண்ட அன்று காலை நன்றாகத்தான் வந்தார். மதியத்துக்குள் என் மேசைக்கு வந்து, "எலும்பெல்லாம் பிச்சுப் போடுற மாதிரி வலிக்குது சார், வீட்டுக்குப் போறேன்" என்றார். இஸ்திரி அறை வெக்கையில் எல்லோரும் வியர்த்து ஊற்ற, அவர் மட்டும் விடுதிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கினார். நானோ, "தும்மல் இல்லை, மூக்கு ஒழுகலை. நாடகம் போடாதீங்கக்கா. வெளுத்த போர்வையை முதல்ல மடிச்சு வைங்க" என்றேன். பதிவேட்டில் 'லேசான ஜலதோஷம், வேலை செய்யலாம்' என்று எழுதினேன். வெப்பமானி என் இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

3. ஜலதோஷம் மூக்கில் ஆரம்பித்து மெல்ல வரும் என்றும், ஃப்ளூ திடுமென ஆளையே சாய்த்துவிடும், மூக்கு ஒழுகாமலும் இருக்கலாம் என்றும் மருத்துவர் பிறகு சொன்னார். மாலைவரை நின்றபடி இஸ்திரி போட்டவர் மூன்றாம் நாள் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

4. நேற்று பார்க்கப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவர், "உங்க ஃப்ளூ காய்ச்சல் சரியாயிடுச்சா சார்?" என்று என்னை விசாரித்தார். அம்மா, அவர் காய்ச்சலில் விழுவதற்கு முந்தைய வாரம் ஃப்ளூ என்று பதிவேட்டில் எழுதி நான் மூன்று நாள் விடுப்பு எடுத்திருந்தேன். எனக்கு வந்தது வெறும் தும்மலும் மூக்கொழுகலும்தான். சரியாகிவிட்டது என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

5. கணவர் இல்லாத அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை. நீக்கப்பட்ட செய்தி இன்னும் அவருக்குத் தெரியாது. வரும் வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிறார். அதற்குள் அந்த உத்தரவை ரத்து செய்து, அதில் அவர் பெயர் உள்ள இடத்தில் என் பெயரை எழுதுமாறு மன்றாடுகிறேன். பதிவேட்டில் அவருக்கு ஜலதோஷம், எனக்கு ஃப்ளூ என்றுள்ள இரு பக்கங்களையும் இணைத்துள்ளேன். இரண்டும் என் கையெழுத்தே.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: சலவைப் பிரிவு

தலைகுனிந்து,
(ஒப்பம்)
மேற்பார்வையாளர்