கூட யாரு வந்திருக்காங்க?

சேலையூர்
செவ்வாய்க்கிழமை

செல்லக் குழந்தை சுப்ரஜாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நான் இங்கே சௌக்கியம், நீ அங்கே சௌக்கியமா என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை முதல் பாதியை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனால் பதறாதே, இப்போது சௌக்கியம்தான், காலையில் உப்புமா கிண்டிச் சாப்பிட்டுவிட்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீயும் நானும் நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று போட்டி போட்டுச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். உன் அம்மா காமு இருந்தவரை நம் இரண்டு பேரிடமிருந்தும் உண்மையைப் பிடுங்கி வாங்கிவிடுவாள், அவள் போனபிறகு கேட்க ஆளில்லை. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

மாடியில் குடியிருந்த அரிகிருஷ்ணன் சார் குடும்பம் கேளம்பாக்கத்தில் பையன் வாங்கிய ஃபிளாட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் நாற்காலியை இழுக்கும் சத்தத்துக்கு நான் எவ்வளவு கத்தியிருப்பேன், இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் மத்தியானத்தில் தூக்கம் வரவில்லை. நம் தெருவில் எல்லா வீட்டிலும் என் வயசுக்காரர்கள்தான், சாயங்காலம் நடக்கப் போனால் பெங்களூர், டல்லாஸ், சிட்னி என்று ஊர்ப் பெயர்களாகவே பேசிக்கொள்கிறோம். போன வாரம் குளித்துவிட்டு வந்தவனுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பால்காரரிடம் பேசினால் எனக்கே என் பேச்சு குழறுகிற மாதிரி இருந்தது. அவர்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சோடியம் குறைந்துவிட்டது, படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார்கள். பிரஷருக்கு உப்பைக் குறை, உப்பைக் குறை என்று படுத்தியவள் நீதான், ஞாபகம் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் கவுண்டரில் ஆஸ்டின் என்று ஒருவர் இருந்தார். உன் கம்பெனி கார்டைக் கொடுத்தேன், வேலை போய்விட்டாலும் இந்த மாதக் கடைசிவரை செல்லும் என்று நீ சொல்லியிருந்தாயே, அது சரியாகத்தான் இருந்தது. எல்லாம் ஓகே சார், கூட யாரு வந்திருக்காங்க, அட்டெண்டர் பேரு சொல்லுங்க என்றார். நான் மட்டும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை சுப்ரஜா. வயசானவர்களோடு ஒரு ஆள் இருந்து கையெழுத்துப் போட்டால்தான் அட்மிஷனாம். பொண்ணு வண்டியை நிறுத்திட்டு வரா என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் புரியவில்லை. தனியாக வந்திருக்கிறேன் என்பது ஏதோ நான் தப்புப் பண்ணின மாதிரி வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். எப்சி என்ற நர்ஸ் வந்து வந்து பொண்ணு வந்தாச்சா அங்கிள் என்று கேட்டாள். பார்க்கிங்கில் இடம் இல்லை போலிருக்கிறது என்றேன். அந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணினாய். டில்லியில் குளிரா, ஸ்வெட்டர் போட்டுக்கொள், நான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மைக்கில் யாரையோ கூப்பிட்டார்களே, அது என்ன சத்தம் என்று கூடக் கேட்டாய், சீரியல் என்றேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் இந்த இரண்டு பொய்யையும் முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நீல நிற யூனிஃபார்ம் புடவை, பெயர் கிளியம்மாள், புருஷன் கேசவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று வந்திருந்தாள். இன்னா சார், ஒங்க பொண்ணு வண்டிய டில்லிலயா நிறுத்திகினு கீது என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. அவள் எழுந்து போய் எப்சியிடம், நா போட்றேன் சிஸ்டர் கையெய்த்து, ஒறவு இன்னான்னா தங்கச்சின்னு எய்திக்க என்றாள். எப்சி என் நெற்றியில் இருந்த திருமண்ணையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். மறுநாள் வீட்டுக்கு விடும்வரை அந்த அம்மாள் கீழே புருஷனிடமும் மேலே என்னிடமும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாள். இட்லியும் சக்கரை போடாத காபியும் வாங்கி வந்து, துன்னுட்டு மாத்திர போடணும் அண்ணா, வெறும் வயித்துல வாணாம் என்று அதட்டினாள். என்னை யாராவது அதட்டி எத்தனை நாளாயிற்று.

அவள் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் துப்புரவு வேலை பார்த்தவள், அந்த யூனிஃபார்ம் புடவை அங்கே கொடுத்ததுதான். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தவரை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டாளாம், கான்ட்ராக்டர் மாறியதும் வேலையும் போனது, அதுவும் போனது. இப்போது ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் கொடுத்து வாங்கிய முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் புருஷனுக்கு ஆபரேஷன் நடக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு உன் நினைப்புதான். நமக்கு அந்த அட்டை கிடைக்காது, வருமான வரம்புக்கு மேலே. ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது, உன் சம்பளம் அதற்கும் மேலே. கம்பெனி கொடுத்ததுதான் உனக்கு இருந்தது, அது இந்த மாதத்தோடு சரி. நீ என்ன பண்ணினாய், வேலை போனபோது கைக்கு வந்த பணத்தில் எனக்கு ஒரு சீனியர் சிட்டிசன் பாலிசி எடுத்துவிட்டு, எனக்கு அடுத்த வேலை கிடைத்ததும் பார்த்துக்கலாம்ப்பா என்று சொல்லிவிட்டாய். கிழவனுக்குக் குடை பிடித்துவிட்டு நீ மழையில் நிற்கிறாயா? எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஆஸ்டினிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டேன். கம்பெனி பாலிசியிலிருந்து வெளியே வரும்போது அதே இன்ஷூரன்ஸ்காரர்களிடமே தனி பாலிசியாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமாம். மாற்றிக் கொடுத்தால் உன் வீசிங் மாதிரி பழைய வியாதிக்குப் பணம் தர இத்தனை வருஷம் ஆகவேண்டும் என்று வைத்திருக்கிறார்களே, அதில் நீ இதுவரை கழித்தது வீணாகாதாம். நடுவில் விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியிருக்கும். அவர்கள் சரி என்பார்களோ மாட்டார்களோ, உன் எச்.ஆரிடம் இந்த வாரமே கேள், கடைசி நாள் தாண்டினால் அப்புறம் கஷ்டம். பிரீமியம் ஜாஸ்தியாக இருந்தால் சின்னத் தொகைக்காவது எடு, என் ஃபிக்ஸட் டெபாசிட் பிறகு எதற்கு இருக்கிறது. வீசிங்கை மட்டும் மறைக்காதே. வெளியே தெரிந்தால் வரன் வராது என்று உன் அத்தை சொல்லுவாள், இன்ஷூரன்ஸ்காரன் உன்னைப் பெண் பார்க்க வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லு.

இது வரைக்கும் எழுதினது பாலிசி விஷயம். நான் சொல்ல வந்தது வேறு. படுக்கைக்கும் ஊசி மருந்துக்கும் உன் கார்டு பணம் கொடுத்தது, பக்கத்தில் உட்கார ஆள் கொடுக்கவில்லை. உன்னோடு தங்கியிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், ஆபீஸ் சிநேகிதர்களும் இனி ஆபீஸோடு போய்விடுவார்கள். அந்த ஊர்ப் புகையில் போன தீபாவளிக்கு மூச்சு வாங்கினதை நீ எனக்குப் பொங்கலுக்குத்தான் சொன்னாய். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் கூட யாரு என்று உன்னையும் கேட்பார்கள். சமாளித்துக்கொள்வேன் என்று எனக்குப் பதில் எழுதாதே. அந்த ஊரில் உனக்காகக் கையெழுத்துப் போடக்கூடிய ஒருத்தர் பெயரைத் தாளில் எழுதிப் பார். பெயர் வந்தால் சந்தோஷம், அவர் நம்பரை எனக்கு அனுப்பு, நான் நிம்மதியாக இருக்கிறேன். யோசித்து யோசித்துப் பெயர் வரவில்லை என்றால், வேலை கிடைத்த பிறகு வருகிறேன் என்று காத்திருக்காதே, நாலு பேர் கேட்பார்களே என்று பார்க்காதே, ரயிலேறி வந்துவிடு. வேலையை இங்கிருந்தும் தேடலாம். இத்தனை நாளாக உன்னை வா என்று கூப்பிட்டதில்லை, உன் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது கூப்பிடுகிறேன்.

பெருமாள் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கட்டும், எச்.ஆரைக் கேட்க மறக்காதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
ஸ்ரீரங்கன்