டிரைவர் பக்கத்துச் சீட்டு

பெரம்பலூர்
5-2-84

திரு. அரியமுத்து அவர்களுக்கு மாயவன் எழுதுவது.

நான் இப்படி ஒரு கடிதம் எழுதுவேன் என்று நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள், நானும் நினைக்கவில்லை. நாம் இருவரும் கூட்டாக வைத்து ஓட்டிய பழைய பிக்கப் வண்டியை நான் வாங்கியிருக்கிறேன். போன மாதம் ஒரு சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயிருந்தேன். வேலி ஓரமாகக் கிடந்தது. நம்பரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஏன் வாங்கினேன் என்று என் வீட்டுக்காரி சின்னப்பிள்ளை கேட்கிறாள். "தம்பி செத்த வண்டியக் கொண்டாந்து வூட்டு வாசல்ல நிறுத்தியிருக்கீங்களே, ஒங்களுக்கு என்ன புடிச்சிருக்கு?" என்கிறாள்.

இஞ்சின் ஓடுகிறது. உள்ளேதான் ஒன்றும் மிச்சமில்லை. சீட்டில் ரெக்சின் போய், தேங்காய் நாரும் போய், வெறும் ஸ்பிரிங் மேல் சாக்கை மடித்துப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். கதவுகளில் அட்டை இல்லை. மேல்கூரைத் துணி கிழிந்து தலையில் தொங்குகிறது. எங்கே கை வைத்தாலும் சுண்ணாம்பு. குஷன் கடை ரவூப் பாய் செய்து தருகிறேன் என்கிறார். "பழையபடியே வேணும்னா பழைய கலர் என்னன்னு சொல்லுங்கண்ணே" என்றார். நான் பச்சை என்றேன். சின்னப்பிள்ளை சிவப்பு என்கிறாள். ஐந்து வருஷம் உட்கார்ந்து போன சீட்டின் நிறம் எப்படி மறந்தது என்று புரியவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு கார்டில் நிறத்தை மட்டும் எழுதினால் போதும். மற்றதை நான் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நீங்கள் ஓட்டி ஏரிக்குள் கவிழ்த்த வண்டியில் போய்ச் சேர்ந்தவன் என் தம்பி செல்லக்கண்ணு. பத்து வருஷம் ஆகியும் அதில் மாற்றம் இல்லை.

இப்படிக்கு,
மா. மாயவன்


அரியலூர்
11-2-84

அன்புள்ள மாயவனுக்கு அரியமுத்து எழுதிக்கொண்டது. நானும் ரெங்கம்மாளும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீ, சின்னப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று முகவரியைத் திருப்பிப் பார்த்தேன்.

சீட்டு பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. காப்பிக்கொட்டை நிறம். பச்சை, மேலே கட்டும் தார்ப்பாய். சிவப்பு, சின்னப்பிள்ளை கல்யாணமாகி முதன்முதலில் வண்டியில் வந்தபோது கட்டியிருந்த சேலையாக இருக்கும். கதவு அட்டையும் காப்பி நிறம்தான். தையல் நீளவாக்கில் இருக்கும். மேல்கூரைக்கு நாம் இருவருமாகப் பசை காய்ச்சி வெள்ளைத் துணி ஒட்டினோமே, மறுநாளே கழன்று உன் தலையில் முக்காடு மாதிரி விழுந்தது. இந்தத் தடவை ரவூப் பாயை ஆணி அடிக்கச் சொல்.

முக்கியமான ஒன்று. ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டுத் தகடு வளைந்திருக்கும். சீட்டு போடுவதற்கு முன்னால் ஒரு டிங்கரை வைத்து அதைத் தட்டி நிமிர்த்திவிடு. அதை முதலில் செய்.

ஐப்பசியில் உன் அம்மா தவறிய செய்தி கேட்டுப் பெரம்பலூர் வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பினேன். அந்த வேளையில் என்னைப் பார்த்தால் உனக்குத்தான் கஷ்டம்.

உன்,
அரியமுத்து


பெரம்பலூர்
26-2-84

அரியமுத்துக்கு,

நீ சொன்னது சரி. பழைய ஆணி ஒன்றின் தலைக்கடியில் விரல்நகம் அளவு ரெக்சின் ஒட்டியிருந்தது. காப்பி நிறம்தான். ரவூப் பாய் அதை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போய் அதே நிறத்தில் வாங்கி வந்தார். ஸ்பிரிங் நான்கு புதிதாகப் போட்டு, நார் அடைத்து, முந்தாநாள் சீட்டைப் பொருத்திவிட்டார். டிங்கர் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் இன்னும் வரவில்லை. அதனால் தகடு வளைந்தபடியே இருக்கிறது.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். சீட்டு எப்படி இருக்கிறது என்று ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தேன். என் வலது முட்டிக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு உண்டு. விபத்தன்று வந்த காயம், திருச்சி ஆஸ்பத்திரியில் தைத்தது. அந்தத் தகட்டின் வளைந்த விளிம்பு நேராக அந்தத் தழும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி.

இறங்கி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே கால் நீட்டத் தாராளமாக இடம் இருக்கிறது. முட்டி இடிக்க ஒன்றுமே இல்லை. மறுபடி இந்தப் பக்கம் வந்தேன். மறுபடி அங்கே போனேன். "என்னண்ணே, ஏறி ஏறி எறங்குறீங்க, ஸ்பிரிங் குத்துதா?" என்று ரவூப் பாய் கேட்டார். சீட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

அன்று போகிற வழியில் குன்னத்தில் டீ குடித்தது ஞாபகம் இருக்கிறது. பின்னால் வெங்காய மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த செல்லக்கண்ணு காலி கிளாஸை என்னிடம் நீட்டினான். அதற்கு அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான். நடுவில் ஒன்றும் இல்லை. குன்னத்துக்குப் பிறகு நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்?

மாயவன்


அரியலூர்
4-3-84

அன்புள்ள மாயவா,

கடிதம் கிடைத்தது. வண்டி கவிழும்போது யார் எங்கே போய் விழுந்தோம் என்று யாரால் சொல்ல முடியும்? அப்போது எங்கேயோ இடித்திருக்கும். அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. டிங்கர் வந்ததும் தகட்டை நிமிர்த்திவிடு. புது ரெக்சினை வெயிலில் காயவிடாதே, வெடிக்கும். வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் பளபளப்பு போகாது. பெரியவனுக்கு இப்போது பரீட்சை. ரெங்கம்மாள் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்,
அரியமுத்து


பெரம்பலூர்
9-3-84

அரியமுத்து,

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது எண்ணெய் போட்டுத் துடைப்பதைப் பற்றி. ரெங்கம்மாள் விசாரித்ததாகவும் நான் நம்பவில்லை. என் பேரைச் சொன்னாலே அவள் எழுந்து போய்விடுவாள் என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எப்போதோ என்னிடம் சொன்னார்.

இன்னொன்றும் இப்போது ஞாபகம் வருகிறது. கோர்ட்டில் உன் இடது கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தூளி மாதிரி தொங்கியது. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது என்று அங்கே படித்தார்கள். இடது பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தானே இடது கை முறியும்? அன்றைக்கு இது எனக்கு ஏன் தோன்றவில்லை? மூன்று நாளாக யோசிக்கிறேன். மனசு ஒரு நேரம் ஆமாம் என்கிறது, இன்னொரு நேரம் இல்லை என்கிறது. என் அம்மாவும் இப்போது இல்லை. இனி யாருக்குப் பயந்து மறைக்கிறாய்? தெரிந்ததை எழுது.

மாயவன்


அரியலூர்
18-3-84

மாயவா,

நீதான் ஓட்டினாய்.

அன்று எனக்குக் காய்ச்சல். டீ குடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. "நீ அந்தப் பக்கம் குந்துடா, அரியலூரு வரைக்கும் நான் ஓட்டுறேன்" என்று சொன்னாய். உனக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனால் ஓட்டத் தெரியும், சொல்லிக்கொடுத்தவன் நான். சாவியைக் கொடுத்தவனும் நான். ஏரிக்கரையில் மழைச் சேறு. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது, ஒதுக்கினாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் ஒதுக்கியிருப்பேன். கரை சரிந்துவிட்டது.

வளைந்த தகட்டில் சிக்கியிருந்த உன் காலை விடுவித்து, உன்னை வெளியே இழுத்துப் போட்டேன். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. செல்லக்கண்ணு மூட்டைகளுக்கு அடியில் கிடந்தான். போலீஸ் வந்து, "வண்டிக்கு டிரைவர் யாருடா?" என்று கேட்டார்கள். "நாந்தாங்க" என்றேன். உன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக யார் கேட்டாலும் அந்தப் பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எதைச் சொல்லிவிட்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது. திருத்தலாம் என்று நினைப்பதற்குள் உன் அம்மா வந்துவிட்டார்கள். அவனை மடியில் போட்டுக்கொண்டு, "எம்புள்ளையக் கொன்னது யாருடா?" என்று கேட்டார்கள். என்ன சொல்லச் சொல்கிறாய்?

உனக்கு நினைவு வந்ததும் நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ கோர்ட்டுக்கு வந்தாய். "நல்லா இருப்பியாடா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனாய். உனக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா, மறந்த மாதிரி இருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் திருச்சி ஜெயிலில் இதே யோசனை. லைசென்ஸ் போய், கல் சுரங்கத்தில் சம்மட்டி பிடித்த பிறகும் இதே யோசனை. சில வருஷம் உன்னை நம்பினேன், சில வருஷம் வெறுத்தேன். பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தைப் பார்த்த பிறகுதான் நிஜமாகவே மறந்துவிட்டாய் என்று தெரிந்தது. அதனால்தான் தகட்டை நிமிர்த்தச் சொன்னேன்.

அரியமுத்து


பெரம்பலூர்
2-4-84

அரியமுத்து,

பத்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. 'என் பாவத்தை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது' என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அடுத்து எழுதியதில் உன் காலில் விழுகிறேன் என்று இருந்தது. அதையும் கிழித்தேன். இரண்டும் நான்தான் எழுதினேன், இரண்டும் என் எழுத்து மாதிரி இல்லை.

சின்னப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்ப ரெங்கம்மா அக்கா அந்த ஆறு மாசமும் கைக்குழந்தைய வச்சிக்கிட்டு என்ன பண்ணியிருப்பாங்க?" என்றாள். அவ்வளவுதான்.

நேற்று, அன்று வழக்குப் போட்ட ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியை ஓட்டியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "கேஸு முடிஞ்சு, தண்டனையும் முடிஞ்சு வருஷக்கணக்காச்சு. வூட்டுக்குப் போங்க பெரியவரே" என்று தாளைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பெரியவரே என்கிறார். அந்தத் தாள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

ரவூப் பாய் கதவு அட்டைகளையும் போட்டு முடித்துவிட்டார். உள்ளே புது வண்டி மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் என்னால் உட்கார முடியவில்லை.

நான் அங்கே வரலாமா? வேண்டாம் என்றாலும் எழுது.

மாயவன்


அரியலூர்
7-4-84

அன்புள்ள மாயவா,

ஸ்டேஷனுக்கு எதற்குப் போனாய்? அவர்களுக்கும் உனக்கும் என்ன?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. திங்கட்கிழமை லீவு. காலை பஸ்ஸில் வா. வண்டியை எடுத்து வராதே, உனக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை.

உன் கடிதத்தை ரெங்கம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். சின்னப்பிள்ளை கேட்டதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். திரும்பி வந்து, "வரச் சொல்லு" என்றாள். கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் உன்னிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. சாவியைக் கொடுத்தது நான், அது என்னோடு இருக்கட்டும். ஆனால் அந்த ஆறு மாதம் அவளுடையது. அதற்கு நானே இதுவரை அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ வந்து முதலில் அவளிடம் பேசு. சட்டைப்பையில் இருக்கும் தாளை அவள் கையில் கொடு. வாங்கிக்கொள்வாளா, கிழித்துப் போடுவாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எது நடந்தாலும் நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன்.

உன்,
அரியமுத்து