கட்டை விரல் ஆடிய அன்று

அண்ணா,

இன்று காலை காளப்பநாயக்கன்பட்டி ஆஸ்பத்திரியில் எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போயிருந்தேன். அங்கிருந்த பெண் குளிர்ந்த பசையைக் கணுக்காலில் தடவியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "வலிக்குதுங்களா?" என்று பதறினாள். அவளுக்கு என்னத்தைச் சொல்ல? உன் தலைமுடியில் காய்ந்துபோயிருந்த இதே மாதிரிப் பசையை, ஊர் வந்து சேரும்வரை நீ கழுவ விடவில்லை என்பதையா?

தொண்ணூற்றொன்பதில், மிளகு பறிக்கிற மாதத்தில் நீ விழுந்தாய். மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி சரிந்துவிட்டது. வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் உன்னைப் படுக்கவைத்து, மிளகு ஏற்றும் வேனில் மலையிறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து மூன்று வாரமாகியும் இடுப்புக்குக் கீழே உனக்கு உணர்வில்லை. நரம்பு வழியாகச் சேதி போகிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்தால், கால் திரும்ப வருமா என்பது ஓரளவு தெரியும் என்றார் டாக்டர்.

டெஸ்டுக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "கால் வராதுன்னு சொல்லிப்போட்டாங்கன்னா என்னைய மலைக்குக் கொண்டுபோவாத கண்ணு. ஏதாச்சும் மருந்து வாங்கிக் குடுத்துரு." அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது நீ ஒருவன்தான். அது தெரிந்தே சொன்னாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டெஸ்ட் அன்று உன் தலையில் பசை வைத்து ஒயர்களை ஒட்டினார்கள். கணுக்காலில் விட்டுவிட்டுக் கரண்ட் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் உன் கால் கட்டை விரல் துடித்தது. நான் பார்த்துவிட்டேன். "அண்ணா, வெரலு ஆடுது" என்று கத்தினேன். நீ படுத்தபடியே என் முகத்தைப் பார்த்தாய். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாய்.

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "விரல் ஆடுறதை நம்பாதம்மா. கரண்ட் பட்டா அந்த இடத்து நரம்பே ஆட்டிவிடும். கால்ல கிளம்புற சேதி தலைக்கு வந்து சேரணும். எத்தனையோ தடவை குடுத்துப் பாத்தாச்சு, வரவே இல்லை" என்றார். சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், ஆனால் காலை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்றார். சக்கர நாற்காலியில் உட்காரவும், புண் வராமல் புரண்டு படுக்கவும் பழக்குகிற இடத்துக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்றாய். சீட்டு என் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

"அதான் வெரலு ஆடுச்சில்ல. மெல்ல வந்துரும்னாங்க" என்றேன்.

நீ மருந்து கேட்கக் கூடாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் என் மண்டையில் வேறெதுவும் ஓடவில்லை. இரண்டு நாள் கழித்துச் சீட்டைக் காட்டிக் கெஞ்சினேன். "நடக்கப் போறவனுக்கு எதுக்கு வண்டி?" என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள், சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைக்குத் திரும்பினோம்.

அப்புறம் தினமும் விடிந்ததும் ஒரே வேலை. போர்வையை விலக்கி உன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில மாதத்தில் கால் தானாக வெட்டி இழுக்கத் தொடங்கியது. "உதைக்குது பாரு, வருது பாரு" என்று சந்தோஷப்பட்டாய். உன் மனது சொல்லி உதைத்த கால் இல்லை அது. எனக்குத் தெரியும், ஆனாலும் தலையாட்டினேன். புரட்டிப் படுக்கவைக்க வந்தால், காலை அசைத்தால் கெட்டுப்போகும் என்று திட்டுவாய். இடுப்பில் புண் வந்தது. மழைக்காலத்தில் அது எலும்பு தெரிகிற அளவு ஆழமாகி, காய்ச்சலும் கண்டது.

கடைசியாக நீ தெளிவாகப் பேசியது அந்தக் காய்ச்சலில்தான். "அன்னைக்கு வெரலு ஆடுனப்ப எனக்குக் கால்ல ஒண்ணுமே தெரியல கண்ணு. உம்மூஞ்சியப் பாத்துத்தான் நம்புனேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்து உன் காலை மூடினேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

இன்றைக்கு அந்தப் பெண் ஈசிஜி தாளைக் கிழித்துக்கொண்டே, "பயப்படாதீங்க, ஒண்ணுமிருக்காது" என்றாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "என்ன இருக்குதோ அதச் சொல்லு சாமி" என்றேன். அவள் முகம் சுண்டிப்போய், நாமக்கல்லுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

மலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செருப்புக்குள் கட்டை விரலை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. குனிந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.