ஏழைகளைப் பார்வையிடப் போனோம்

3-6-68, திங்கள்

இன்று பள்ளி திறந்தாயிற்று. ஐம்பத்திரண்டு பெண்கள், நாற்பது பேர் உட்காரப் பெஞ்சு. தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் எனக்காக ஒரு கட்டு மனு.

"கல்வி நிதிக்கு இந்த வருஷம் நீதான் செயலாளர், அக்கா. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்" என்றான் ஹென்றி. என் அருமைத் தம்பி. துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் காண்டிராக்டர். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். இவன் கண்ணுக்குத் தெரிந்தது என் கையெழுத்து.

அப்பா போய் மூன்று வருடம். உயிரோடு இருந்தவரை ஜேக்கப் மேஸ்திரி ஒரு கூலிக்காரன் பிள்ளைக்குச் சிலேட்டுக் குச்சிகூட வாங்கித் தந்தவரில்லை. "எல்லாரும் படிச்சுட்டா மூட்டை யார்ரா தூக்குறது?" என்று கேட்டவர். செத்த பிறகு கல்வி வள்ளல் ஆகிவிட்டார். ‘ஜேக்கப் நினைவுக் கல்வி நிதி’ என்று பலகை தொங்குகிறது. அதில் ‘மேஸ்திரி’ இருந்தது. ஹில்டாதான் அழிக்கச் சொன்னாள். தம்பி மனைவிக்கு மாமனாரின் சொத்து இனிக்கிறது, தொழில் கசக்கிறது.

விதிகள் ஹென்றி எழுதியவை. துறைமுகத்திலோ கடலிலோ பாடுபடுகிற வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கு வேண்டும். உண்மையான வறுமை வேண்டும். அதை நாங்களே வீட்டுக்குப் போய்க் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்போமாம். வருடத்துக்கு ஒரே பிள்ளை. பி.யூ.சி.யிலிருந்து பட்டம் வரை படிப்புச் செலவு முழுக்க எங்களுடையது.

6-6-68

முப்பத்தோரு மனு, இரண்டாகக் குறைந்தது. ராயபுரம் ஜார்ஜ், ஹென்றி சொருகியது. பையனின் அப்பா இவன் ஆபீஸ் குமாஸ்தா. எண்ணூர் ஜெயக்கொடி, நான் பொறுக்கியது. கணக்கில் தொண்ணூற்றாறு. ‘காலேஜில் இடம் தருகிறார்கள். பணம் கட்ட முடியாவிட்டால் அடுத்த மாதம் இறால் கம்பெனியில் சேர வேண்டும்’ என்று கடைசியில் எழுதியிருக்கிறாள். ஒப்பாரி இல்லை, கெஞ்சல் இல்லை. அதுவே எனக்குப் பிடித்துவிட்டது.

9-6-68, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஏழைகளைப் பார்வையிடப் போனோம். ஹென்றி கோட்டு, ஹில்டா பட்டுப்புடவை, நான் நோட்டுப் புத்தகம்.

முதலில் ஜார்ஜ் வீடு. ஒரு பாய், ஒரு பானை. சுவரில் வெறும் ஆணி, அதற்குக் கீழே வட்டமாக வெளுப்பு. நேற்றுவரை அங்கே கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். முதலாளியின் கண் எங்கெங்கே மேயும் என்று குமாஸ்தாவுக்குத் தெரியாதா? அவர் மனைவி காதில் கம்மலுக்குப் பதில் ஈர்க்குச்சி. ஹில்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன்.

பிறகு எண்ணூர். மின் நிலையம் கட்ட மண் கொண்டுபோகும் லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்து போனோம். ஜெயக்கொடியின் அப்பா யேசுதாஸ் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் நாட்கூலி. அம்மா சிலுவையம்மாள் கருவாட்டுக் கூடைக்காரி. குடிசைதான். ஆனால் உள்ளே போனால் நான்கு இரும்பு நாற்காலி! பூப்போட்ட விரிப்பு போர்த்திய மேசை. மேசைமேல் பளபளவென்று ஒரு டேபிள் ஃபேன். தட்டு நிறைய பிஸ்கட்டு, கண்ணாடி டம்ளரில் கலர் சோடா. யேசுதாஸ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெண் வீட்டுக்காரர் மாதிரி கைகூப்பி நின்றார்.

"குந்து தொரை, குந்தும்மா. வெயில்ல வந்துகீறீங்க" என்றார்.

ஹென்றியின் முகம் சுருங்கியது. ஃபேனை விரலால் தொட்டுப் பார்த்தான். "நம்ம வீட்ல இருக்கிறதைவிடப் பெருசு" என்று ஹில்டா என் காதைக் கடித்தாள். ஜெயக்கொடி கதவோரம் நின்றிருந்தாள். என்ன படிக்கப்போகிறாய் என்று ஹென்றி கேட்டதற்கு, "கணக்குல பி.எஸ்ஸி. சார்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் ஃபேனின் வயரைப் பார்த்தேன். விரிப்புக்கு அடியில் சுருட்டிச் செருகியிருந்தது. சுவரில் பிளக்கு இல்லை. கூரையில் பல்பு இல்லை. வெளியே எட்டிப் பார்த்தால் அந்தக் குப்பம் முழுக்க ஒரு கம்பம்கூட இல்லை!

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனபோது சிலுவையம்மாள் சொம்போடு பின்னால் வந்தாள். "தப்பா நெனச்சுக்காத டீச்சரம்மா. சேரு அக்கம்பக்கத்து வூட்டுது. ஃபேனு, கரண்ட்டு ஸ்டேஷன் கட்ற கேம்ப் வாட்ச்மேன் பஷீர் பாய் குட்த்தாரு. பெரியவங்க நம்ம வூட்டாண்ட வராங்கோ, வெறுந்தரையிலியா குந்த வெக்கிறது?"

"ஃபேன் ஓடாதே, அம்மா?"

"ஓடலன்னா இன்னா? பாக்க நல்லா கீதுல்ல?"

எத்தனை நாளாயிற்று நான் இப்படி வாய்விட்டுச் சிரித்து. அவளும் சிரித்தாள்.

திரும்பும்போது காரில் ஹென்றி, "நாமதான் அவங்ககிட்ட மனு போடணும் போலிருக்கு" என்றான். ஹில்டா விழுந்து விழுந்து சிரித்தாள். கரண்டு இல்லாத வீட்டில் ஃபேனைப் பார்த்து வசதி என்கிறான், இவன் ஒரு காண்டிராக்டர்! சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இருக்கட்டும், கூட்டத்தில் இதையே உளறட்டும், அங்கே வைத்து மூக்கை உடைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

10-6-68

இன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம். அவன் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும்.

14-6-68, வெள்ளி

நிதிக் குழுக் கூட்டம். குழு என்றால் ஹென்றி, ஹில்டா, நான். மூன்று பேருக்கு நடுவில் ஒரு தட்டு கேக்.

‘ஜெயக்கொடி — வசதியான குடும்பம். தகுதியில்லை’ என்று எழுதச் சொன்னான் ஹென்றி.

"ஹென்றி, அந்த ஃபேன் இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"ஃபேனுக்கு என்னக்கா?"

அதற்குள் ஹில்டா: "நாங்க என்ன செஞ்சாலும் அண்ணிக்கு அதுல ஒரு குத்தம் இருக்கும். காலாகாலத்துல ஒரு கல்யாணம் நடந்திருந்தா இவ்வளவு கடுகடுப்பு வந்திருக்காது."

ஹென்றி கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘சும்மா இரு’ என்று அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதுகளிடம் போய் நான் வாயைக் கொடுப்பதா? விளக்கம் சொல்லி, கெஞ்சி, ‘அப்படியா அக்கா’ என்று இவர்கள் மனமிரங்குவதற்காகக் காத்துக்கொண்டு நிற்பதா? என்னால் முடியாது. பேனாவைத் திறந்து அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். முத்து முத்தாக. கீழே கையெழுத்தும் போட்டேன். ஜார்ஜுக்கு நிதி கிடைத்தது.

இரவல் சாமான் என்று சொல்லியிருந்தால் மட்டும்? ‘ஏமாற்றுக்காரக் குடும்பம்’ என்று அடுத்த வருடமும் உள்ளே விடமாட்டான். சொல்லாமல் விட்டதே அந்தப் பெண்ணுக்கு நல்லது.

அப்படித்தானே?

29-6-68, சனி

இராயப்பர் சின்னப்பர் திருநாள், கூடவே நிதி வழங்கும் விழா. அப்பா படத்துக்கு ஆளுயர மாலை. ஜார்ஜை மேடையில் ஏற்றி, ஹில்டா கையை முத்தமிட வைத்து, போட்டோ பிடித்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாம் முறையும் முத்தமிட வைத்தார்கள். "ஏழையின் குடிசைக்கே நடந்து போனோம்" என்று ஹென்றி பேசினான். நடந்து போனானாம்! குமாஸ்தா மனைவி காதில் கம்மல் திரும்ப வந்து மின்னிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு ஜென்மத்துக்கும் அது தெரியவில்லை.

கைதட்டினேன். செயலாளர் தட்டாமல் இருக்க முடியுமா.

22-11-68

மழை. பஸ் இறால் கம்பெனி வாசலில் நின்றது, வேலை விட்டுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சாரல் அடிக்கிறது என்று என் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

7-6-69, சனி

ஜார்ஜுக்கு பி.யூ.சி.யில் மூன்று பாடம் போயிற்று. ‘தங்கமான பையன், ஏதோ நேரம் சரியில்லை’ என்கிறாள் ஹில்டா. இந்த வருட மனுக் கட்டு வந்திருக்கிறது. மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை புரட்டினேன். ஜெயக்கொடி பெயர் இல்லை.

ஒரு மனுப் பாரத்தை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து எண்ணூர் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. சிலுவையம்மாள் கருவாட்டோடு மாதவரம் பக்கம் போயிருந்தாள். கம்பெனிக்கு லீவு, ஜெயக்கொடி மட்டும் இருந்தாள். நாளெல்லாம் ஐஸில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. பாயை உதறிப் போட்டாள், உட்கார்ந்தேன்.

"பாரத்தை நானே பூர்த்தி செய்து தருகிறேன். இந்தத் தடவை வீட்டில் எதையும் வாங்கி வைக்காதீர்கள், போதும்" என்றேன்.

"வாணாம் டீச்சர்."

"கோபமா?"

"கோவம்லாம் இல்ல. அப்பாக்கு இடுப்பு புட்ச்சிகிச்சு, வேலைக்குப் போறதில்ல, இப்பகூட ஆஸ்பத்திரிக்குத்தான் போய்கீறாரு. இப்ப நான் வுட்டா வூடு ஓடாது." பிறகு அவளே சொன்னாள்: "போன வருஷம்னா போயிருப்பேன். டீச்சரம்மா கைல எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவுங்க எட்த்து சொல்வாங்கன்னு அம்மா சொல்லிகினே இருந்துச்சு. காலேஜ்ல பணம் கட்ற கடேசி நாளு வரிக்கும் தபால்காரர பாத்துகினு இருந்தோம்."

நான் பாரத்தை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"நீங்க சொல்லியும் அவரு கேக்கல, இல்ல டீச்சர்?"

ஹென்றி எவ்வளவு பெரிய முட்டாள், ஹில்டா எப்படிப்பட்டவள், குமாஸ்தா எவ்வளவு பெரிய எத்தன் — ஒரு வருடமாக இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அத்தனையும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு உதவிக்கு வந்தது.

"ஆமாம்மா. சொன்னேன், கேட்கவில்லை" என்றேன்.

"எனுக்கு அப்பவே தெரியும். அம்மா கைலகூட சொன்னேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் பஸ் நிற்கும் இடம் வரை கூடவே நடந்து வந்து என்னை ஏற்றிவிட்டுப் போனாள்.