வேலியில் கிடந்த சுக்குப் பொம்மை

மானாம்பதி,
டிசம்பர் 28.

அன்பு மகள் ஷீபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, பிரபா, நான், போன வாரம் குட்டி போட்ட வெள்ளாடு எல்லோரும் கர்த்தர் கிருபையில் சுகம். ஜெர்மனிப் பனியில் நீ காதை மூடிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறாயா என்பதுதான் என் கவலை. என் இரண்டு கையும் மாவாக இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அக்கா, அம்மாவின் பேச்சை நல்ல தமிழில் திருத்தி எழுதுவது நான்தான். பிரபா.) போனில் சொல்லலாம், ஆனால் நான் போன் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கிறதாம், இது அப்படிக் கேட்கக் கூடாத விஷயம்.

நீ அனுப்பிய மனுஷ பொம்மை அச்சில் கிறிஸ்துமசுக்கு முன் வாரமே பிஸ்கட் செய்துவிட்டோம். சுக்கு, பட்டை, கிராம்பு இடித்துப் போட்டு, நீ சொன்ன கறுப்புப் பாகு இங்கே கிடைக்காததால் வெல்லப் பாகு ஊற்றி, ஓவனுக்குப் பதில் குக்கரில் மணல் பரப்பி விசிலைக் கழற்றிவிட்டுச் சுட்டேன். முதல் ஈடு கருகிவிட்டது, ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்தது நன்றாக வந்தது. பிரபா கிராம்பில் கண் வைத்து, சர்க்கரைப் பசையில் வாய் வரைந்து, கேசரிப் பவுடரில் சிவப்புப் பொத்தான் வைத்தாள். ஒரு பொம்மைக்கு மட்டும் கால் உடைந்துவிட்டது. அதை ஜன்னலில் வைத்தேன், காலையில் காணோம். காக்கை தூக்கியிருக்கும் என்றாள் பிரபா.

நிலத்துக்கார வேதகிரி பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வரப்பு வழியை ஐப்பசியிலேயே முள் போட்டு அடைத்தது உனக்குத் தெரியும். பிரபா ஏரிக்கரையைச் சுற்றி நடந்து பஸ்ஸை விட்டுவிட்டு, அரையாண்டுப் பரீட்சைக்கே தாமதமாகப் போய் அழுதாள். அப்பா இரண்டு முறை போய்க் கேட்டும் அவர் மசியவில்லை. காணாமல் போன பொம்மை அந்த முள்வேலியின் மேல், கழுத்தில் நீலத் துணி சுற்றிக் கிடந்ததாம். வேதகிரி பார்த்ததும், எவன்டா எனுக்கு செய்வினை வச்சான், இதுக்கும் ஒத்தக் காலு, எனுக்கும் ஒரு வாரமா முட்டி வலி என்று அலறியிருக்கிறார். அவர் மனைவி சொக்கம்மாள், வழிய அடச்சா வேற இன்னா ஆவும், மொதல்ல முள்ள எடுய்யா என்றாளாம். மத்தியானத்துக்குள் முள் போயே போய்விட்டது.

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் உன் அப்பா இருக்கிறாரே, பயமுறுத்திக் கெடச்ச வழியில நான் கால வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, திறந்து கிடக்கிற வழியை விட்டு ஏரிக்கரையையே சுற்றிப் போனார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், பண்டிகையன்று பயந்துகொண்டே எட்டு பொம்மைகளைத் தட்டில் வைத்து வேதகிரி வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனுஷர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி முள் விழப்போகிறது என்றே நினைத்தேன். சொக்கம்மாள்தான் முதலில் சிரித்தாள், சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்றை எடுத்துக் காலை முதலில் கடித்து, இந்த பிஸ்கோத்துக்கா ரெண்டு வேள சோறு எறங்காம கெடந்தேன் என்று முறைத்தார். பிறகு, சுக்கு தூக்கலாக் கீது, முட்டிக்கு நல்லதுதான், நியூ இயருக்கும் சுட்டுக் கொண்டா என்றார். அப்போ முள்ளு என்று நான் இழுத்தேன். சொக்கம்மாள் முந்திக்கொண்டு, முள்ள போட்டா பிஸ்கோத்து எந்த வழியா வரும் என்றாள். இப்போது அப்பாவும் வரப்பிலேயே போகிறார். என் கையில் மாவு இருப்பதும் அதனால்தான்.

நீ நடக்கும் வழியிலெல்லாம் கர்த்தர் முன்னால் நடந்து முள் கிடந்தால் எடுத்துப் போடட்டும். வேளைக்குச் சாப்பிடு. தை மாதம் லீவுக்கு வரும்போது பெட்டியை உருட்டிக்கொண்டே வரலாம். மறக்காமல் பிரபாவுக்கு ஒரு நீல ரிப்பன் வாங்கி வா. அவளுடைய பள்ளிக்கூட ரிப்பனில் ஒரு சாண் குறைகிறது. காக்கை கத்தரித்திருக்கும் என்கிறாள், நானும் தலையாட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாவுக் கையோடு உன் அம்மா.

(அக்கா, கடைசி வரிகளையும் ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, மறுபடி ஏரிக்கரைக்குப் போய்விடுவார். பிரபா.)