தவளைக்குப் பசி

மார்ச் 4, திங்கள்

மருந்துக் கடையில் இன்று நிமிர நேரமில்லை. பிள்ளை வளரப் பவுடர் கேட்டு ஒருவர் வந்தார். வீட்டில் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். அவன் எங்கே சாப்பிடுகிறான், அதற்குத்தானே பவுடர் என்றார்.

வீட்டுக்கு வந்து தவளையின் நீச்சல் பையைக் கவிழ்த்தேன். துண்டுக்கு நடுவே, காகிதத்தில் சுற்றிய அவித்த முட்டை. காலையில் நான் கொடுத்தது. தின்றுவிட்டேன் என்றாளே?

தவளை என்பது என் வீட்டுக்காரர் தன் மகளுக்கு வைத்த செல்லப் பேர். பதினாலு வயது. தண்ணீரைக் கண்டால் தரையை மறந்துவிடுவாள். நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இப்போதுதான் ‘சித்தி’ என்று வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். கேட்டு, அதைக் கெடுத்துக்கொள்வதா?

மார்ச் 9, சனி

தவளை நீச்சல் குளத்தின் ஓரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீருக்குள் விழுந்திருந்தால் — வேண்டாம், எழுதக்கூட வேண்டாம்.

மார்ச் 11, திங்கள்

இரத்தம் குறைவு. போன வருஷத்திலிருந்து உயரமும் ஏறவில்லை. இரத்தம் தேறும்வரை குளத்துப் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டரம்மா. மாத்திரையோடு முட்டை, மீன், பருப்பு, கீரை, பால், பழம். வயிறு நிறையச் சோறும் வேண்டுமாம். பவுடர் ஒரு டப்பா வாங்கிவிடலாமா என்று அவர் என் காதைக் கடித்தார். விற்கிறவளிடமே கேட்கிறார், மனுஷர். அது டாக்டரம்மா காதிலும் விழுந்துவிட்டது.

“முதல்ல தட்டைப் பாருங்க சார், டப்பாவை அப்புறம் பாக்கலாம்.”



மார்ச் 13, புதன்

இன்றும் தவளை தின்றது இரண்டு வாய்தான்.

மார்ச் 14, வியாழன்

கடைக்கு லீவு போட்டுவிட்டு அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டேன்.

“சாப்பிட்டா வெயிட் போடும் சித்தி. வெயிட் போட்டா ஸ்பீடு போயிடும்.”

பக்கத்து வரிசையில் நீந்துகிற பெண் சொன்னாளாம். அவளும் சாப்பிடுவதில்லையாம். சரி, வேகம் கூடியதா என்று கேட்டேன்.

“இல்ல. தண்ணிக்குள்ள கையே வர மாட்டேங்குது. அதான் இன்னும் கொறச்சேன்.”

ஐயோ, என் கண்ணே. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உன் உடம்பு இப்ப ரெண்டு வேலை பாக்குதுடி. வளரணும், நீந்தவும் செய்யணும். நீ ஒண்ணுமே குடுக்கலைன்னா அது யார்கிட்ட போய்க் கேக்கும்?”

அழுது என் தோளையே நனைத்துவிட்டாள். நான் மட்டும் என்ன, சும்மாவா இருந்தேன்.

மார்ச் 21, வியாழன்

மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அவள் தட்டை யாரும் பார்க்கக்கூடாது என்பது என் சட்டம். அவரோ அவள் முழுங்கும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் காலை மிதித்தேன். “என்னை ஏம்மா மிதிக்கிற?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். தவளை சிரித்தாள். சிரித்த வாக்கில் அரைத் துண்டு மீன் உள்ளே போனது.

ஏப்ரல் 27, சனி

பக்கத்து வரிசைப் பெண்ணை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். வேகவைத்த கடலையைச் சட்டியோடு தூக்கிப்போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திரும்பி வந்தது வெறும் சட்டி.

ஜூன் 10, திங்கள்

இரத்தம் தேறிவிட்டது. குளத்துக்குப் போகலாம். அவர் டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் கிளம்பினால் என் செருப்பைக் காணோம். அவருடையதை மாட்டிக்கொண்டு, சரக் சரக்கென்று கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் தவளை என் செருப்போடு வந்து நிற்கிறாள். அவளுடையது கடிக்கிறதாம், இதுதான் அளவாக இருக்கிறதாம்.

“நாளைக்கு நீங்க போட்டுக்கங்க சித்தி” என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.