அப்பாவின் கட்டிலை அறுத்தது

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நான் எப்படி இருக்கிறேன் என்றால், நலம் என்றே வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருந்தால் எனக்குப் போதும்.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது, அவர் கட்டில் மட்டும் போக மாட்டேன் என்று நின்றது. படுக்கையில் விழுமுன் தனக்கென்று அறைக்குள்ளேயே உட்கார்ந்து இரும்புக் குழாயில் பற்றவைத்தாரே, அதுதான். கைப்பிடி, மருந்துத் தட்டு எல்லாம் இம்மி பிசகாமல் அளந்த மனிதர் வாசலை மட்டும் அளக்கவில்லை. நாலு பேர் வந்து சாய்த்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அது இருக்கும்வரை அந்த அறையில் படுக்க என்னால் முடியவில்லை, கூடத்து நாற்காலியிலேயே தூங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர், இரும்பு அறுக்கிற கிரைண்டர் இருக்குக்கா, பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம் என்றார். பொறி பறந்து மெத்தை பற்றிக்கொண்டால் வீட்டையும் சேர்த்து வழியனுப்ப வேண்டியதுதான் என்று மறுத்துவிட்டேன். உண்மையில் பத்து நிமிடத்தில் முடிவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவின் பட்டறையைத் திறந்து கை ரம்பத்தை எடுத்தேன், பிளேடு மழுங்கியிருந்தது. கடைக்காரர், சாருக்காம்மா என்று கேட்டார், அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. எனக்குத்தான் என்றேன். மெல்லிய குழாய்க்குப் பல் நெருக்கமான பிளேடுதான் சரி, பெரிய பல் மாட்டிக்கிட்டு உடைஞ்சிடும் என்று பார்த்துக் கொடுத்தார். முதல் நாள் அதைத் திருப்பி மாட்டி அரை மணி நேரம் வெறுமனே கீறிக்கொண்டிருந்தேன். பல் முன்பக்கம் பார்க்க வேண்டுமாம், இத்தனை வருடம் அப்பா அறுக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு இது தெரியவில்லை, சிரிக்காதே. பிறகு ஒரு நாளைக்கு ஒரு குழாய். எண்ணெய் விட்டேன், அறுத்தேன், தூளைக் கூட்டி அள்ளினேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை, மரத்துப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று கடைசிக் குழாய். அறுந்து முடியும் நேரத்தில் என்னையறியாமல், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க என்றேன். குழாய் தரையில் விழுந்தது. அதை எடுத்து வெளியே வைத்தேன். இன்று மதியம் அந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன் மகளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. ஞாயிற்றுக்கிழமை போனில், அழுதியாம்மா என்று கேட்காதே, சாப்பிட்டியாம்மா என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா